பாண்டிச்சேரில ஒரு வேலைவாய்ப்பு கன்சல்டன்சி: 5க்கு 2 ஸ்டார், காசு கட்றதுக்கு முன்னாடி படிங்க

கன்சல்டன்சி பேர நான் போடல. பாண்டிச்சேரிலயும் கடலூர்லயும் இதே மாதிரி ஆபீஸ் நிறைய முளைச்சிருக்கு, நான் போனது ஒரு எடம்னாலும் நடைமுறை முக்கால்வாசி எடத்துல இதே தான்னு கூட வேலை பாக்குறவங்களும் சொல்றாங்க, அதனால பேர விட விவரம் தான் உங்களுக்கு உதவும். எங்க அக்கா பையனுக்காக போனோம். டிப்ளமோ மெக்கானிக்கல் முடிச்சவன், ஊரு நெல்லிக்குப்பம் பக்கம், பாண்டில வேலை தேடணும்னு வில்லியனூர்ல எங்க வீட்ல தங்கியிருந்தான். நான் பாண்டி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைல (எஸ்டேட்னு சொல்வோம்) ஒரு சின்ன கம்பெனில சம்பள பில் போடற வேலை பாக்குறேன். பி.எஃப் (வருங்கால வைப்பு நிதி), ஈ.எஸ்.ஐ (தொழிலாளர் மருத்துவ காப்பீடு), சம்பள ஸ்லிப் எல்லாம் மாசா மாசம் என் கை வழியா போறது தான், அதனால அங்க பாத்தத கொஞ்சம் உள்ள போயே எழுத முடியுது.

மொதல்ல எடம். மாடில ஒரே ஹால், நடுவுல பிளைவுட் தடுப்பு வச்சு ரெண்டா பிரிச்சிருக்காங்க. பிளாஸ்டிக் சேர், ஃபேன் ஓடுது, குடிக்க கேன் தண்ணி இருக்கு. பாத்ரூம் இருக்கு, ஆனா பொண்ணுங்க போற நெலமைல இல்ல. சுவத்துல வேலை கெடச்சவங்களோட ஆஃபர் லெட்டர லேமினேட் பண்ணி வரிசையா மாட்டியிருக்காங்க, காத்திருக்குற எல்லாரும் அத தான் படிச்சிட்டு உக்காந்திருக்காங்க. நானும் ஒண்ணு விடாம படிச்சேன். மேல பெரிய கம்பெனி பேரு இருக்கு, கீழ கையெழுத்து போட்டிருக்கிறது அந்த கம்பெனி இல்ல, அதுக்கு ஆள் சப்ளை பண்ற கான்ட்ராக்டர். பணிக்காலம்னு இருக்குற எடத்துல ஆறு மாசம், பதினோரு மாசம்னு போட்டிருக்கு. போறவங்க தயவுசெஞ்சு அந்த வரிய படிங்க, மொத்த லெட்டர்லயும் முக்கியமான வரி அது தான்.

ரிசப்ஷன்ல இருக்குற பொண்ணு லாங் சைஸ் நோட்டுல கோடு போட்டு பேரு, ஊரு, படிப்பு, ஃபோன் நம்பர்னு எழுதிக்குது. எங்க பையன் பேர எழுதறப்போ மேல இருந்த ஊருங்கள பாத்தேன், திண்டிவனம், பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி, பாகூர், திருக்கனூர், மரக்காணம். பாண்டி டவுன்காரங்க ரொம்ப கம்மி. இந்த நோட்டு விஷயத்துக்கு பின்னாடி வரேன்.

ஃபீஸ். பதிவு பண்ண 500, வேலை கெடச்சா சேர்ற அன்னிக்கு 3,000. பதிவுக்கு பில் கேட்டேன், துண்டுச் சீட்டுல 'சர்வீஸ் சார்ஜ்'னு எழுதி குடுத்தாங்க, ஜி.எஸ்.டி நம்பர் இல்ல, முத்திரை இல்ல. 'ரீஃபண்ட் இல்லியா சார்'னு கேட்டதுக்கு 'மேடம், தம்பிக்கு வேலை கெடைக்காம போகாது, அதனால ரீஃபண்ட் பேச்சுக்கே எடமில்ல'ன்னாரு. கேள்விக்கு இது பதில் இல்ல. வாயால சொன்னத எழுதி வாங்கிக்கங்க, எழுதி தர மாட்டேன்னா அங்கயே எந்திரிச்சு வந்துருங்க.

இப்போ சம்பளம், இங்க தான் நிறைய பிள்ளைங்க ஏமாந்து போவுதுங்க. வாசல் போர்டுல 18,000 சம்பளம், சாப்பாடு, ரூம், பஸ் வசதினு போட்டிருக்கு. எங்க பையனுக்கு ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாக கம்பெனில குடுத்த ஆஃபர் இதே தான். லெட்டர வாங்கி பின்னாடி இருந்த பிரேக்கப்ப பாத்தேன். 18,000ங்கிறது சி.டி.சி, அதாவது கம்பெனிக்கு ஆகுற மொத்த செலவு, கைக்கு வர்ற காசு இல்ல. அதுல கம்பெனி கட்டற பி.எஃப் 1,440ம், கம்பெனி கட்டற ஈ.எஸ்.ஐ 520ம் உள்ளயே அடங்குது. அத கழிச்சா மொத்த சம்பளம் சுமாரா 16,000. அதுல பையன் பங்கு பி.எஃப் 12 சதவீதம், பேசிக் 12,000க்கு 1,440, ஈ.எஸ்.ஐ முக்கால் சதவீதம் 120 ரூபா. ஆச்சா, 14,440. சாப்பாடு, ரூம் 'வசதி'னு தான் போட்டிருக்காங்க, இலவசம்னு எங்கயும் இல்ல, ரெண்டுக்கும் சேத்து 2,400 பிடிப்பாங்க. கைக்கு வர்றது 12,040. ஊருக்கு வந்து போற பஸ் செலவு, ஃபோன் ரீசார்ஜ், சோப்பு சீப்பு போக அக்காவுக்கு மாசம் என்ன அனுப்புவான்னு நீங்களே கணக்கு போட்டுக்கங்க.

பி.எஃப் பிடிக்கிறது நல்லது தான், அத தப்புன்னு சொல்ல வரல. அந்த காசு அவன் பேர்ல தான் சேருது. ஆனா 18,000ன்னு போர்டு போட்டுட்டு 12,000 கைல குடுக்குறப்போ, வீட்ல தகராறு வருது, 'மீதி காச என்னடா பண்ற'ன்னு அப்பாம்மா பிள்ளைய சந்தேகப்படறாங்க. எங்க கம்பெனில சேர்ற பசங்ககிட்ட இந்த கதைய நான் நிறைய கேட்டிருக்கேன்.

நல்லத நல்லதுன்னு சொல்லணும், அதுக்கு தான் அந்த ரெண்டு ஸ்டார். கூப்பிட்ட நேரத்துக்கு இன்டர்வியூ நடந்துச்சு, அலைய விடல. பயோடேட்டால இருந்த தப்ப எல்லாம் அந்த ரிசப்ஷன் பொண்ணே உக்காந்து திருத்தி குடுத்துச்சு, அதுக்கு தனியா காசு கேக்கல. வெர்னியர், மைக்ரோமீட்டர்ங்கிற அளவெடுக்குற கருவில ரீடிங் எடுக்கச் சொல்லி ஒரு ஒத்திகை இன்டர்வியூவும் வச்சாங்க, பையனுக்கு பயம் தெளிஞ்சுது. ஒரிஜினல் சர்டிபிகேட்ட வாங்கி வச்சுக்கல, இது பெரிய விஷயம், சில எடத்துல வாங்கி பூட்டிடறாங்க.

நோட்டு விஷயத்துக்கு வரேன். ஏன் இவ்ளோ கூட்டம்? பாண்டில வேலையே இல்லன்னா இவ்ளோ பேரு ஏன் வர்றாங்க, ஊரு வளருதுன்னா இத்தன பேரு ஏன் சும்மா உக்காந்திருக்காங்க? எங்க பையன் பஸ்ல வரும்போது இத தான் கேட்டான், 'சித்தி, பைபாஸ்ல இவ்ளோ பில்டிங் கட்றாங்க, இவ்ளோ ஆஸ்பத்திரி வருது, நமக்கு மட்டும் ஏன் இல்ல'ன்னு. அவனுக்கு சொன்னத இங்கயும் சொல்றேன்.

வேலை வர்றதும் வேலையில்லாதவங்க கூடறதும் ஒரே நேரத்துல நடக்கும். ஜான் ஹாரிஸ், மைக்கேல் டொடாரோன்னு ரெண்டு பொருளாதார அறிஞருங்க 1970லயே இத எழுதிட்டாங்க. கிராமத்துலேந்து ஒருத்தர் டவுனுக்கு கெளம்பறது அங்க எவ்ளோ சம்பளம்ங்கிறத மட்டும் பாத்து இல்ல, அது கெடைக்க எவ்ளோ வாய்ப்பு இருக்குங்கிறதயும் சேத்து மனசுக்குள்ள ஒரு கணக்கு போடறாரு. ஊர்ல 8,000, டவுன்ல 16,000, பாதி சான்ஸ் இருந்தாலே கணக்கு சரியா போயிடுது, அதுக்கு மேல சான்ஸ் தெரிஞ்சா பையை தூக்கிடுவாரு. அதனால டவுன்ல நூறு வேலை புதுசா வந்தா நூறு பேருக்கு வேலை கெடச்சு விஷயம் முடியறதில்ல, சான்ஸ் கூடிருச்சுன்னு சுத்துப்பட்டு ஊர்லேந்து அத விட அதிகம் பேரு கெளம்பி வருவாங்க, மீதி பேரு வரிசைல நிப்பாங்க. கென்யால இது நேராவே நடந்துச்சு. 1964ல அரசாங்கமும் முதலாளிங்களும் தொழிற்சங்கமும் ஒண்ணா ஒப்பந்தம் போட்டு, வேலைக்கு ஆள் கூட்டி எடுக்கறோம், சங்கம் சம்பள உயர்வு கேக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணாங்க. சேதி கேட்டு நைரோபிக்கு ஆளுங்க குவிஞ்சாங்க, வேலையில்லா பிரச்சனை தீரவே இல்ல.

நம்ம பக்கமும் அறிவிப்பு வந்தாலே போதும், வேலை வரணும்னு கூட இல்ல. சேதராப்பட்டு, கரசூர் பக்கம் சிறப்பு பொருளாதார மண்டலம்னு சுமார் 750 ஏக்கர் நெலத்த எடுத்தாங்க, வருஷக்கணக்கா சும்மா கெடந்துச்சு. கடலூருக்கு தெக்க பெரிய எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வருதுன்னாங்க, பாதி கட்டிட்டு இருக்கும்போது 2011 டிசம்பர் 30ல தானே புயல் அடிச்சுது, அதோட வேலை நின்னு போச்சு. அத நம்பி ஐ.டி.ஐ சேந்த பிள்ளைங்க எத்தன பேரு. நெலம் குடுத்த குடும்பத்துல விவசாயமும் போச்சு, கம்பெனி வேலையும் வரல, அந்த பிள்ளைங்க தான் இன்னிக்கு இந்த மாதிரி நோட்டுல பேரு எழுத வர்றாங்க.

இன்னொரு பக்கமும் இருக்கு, ஊரு எந்த மாதிரி வளருதுங்கிறது. எங்க மாமனாரு காலத்துல பாண்டின்னா மில்லு. ரோடியர் மில்லுன்னு நாம சொல்ற ஏ.எஃப்.டி 1898ல ஆரம்பிச்சது, சுதேசி மில், பாரதி மில்னு மூணும் சேந்து ஆயிரக்கணக்கான குடும்பத்துக்கு சோறு போட்டுச்சு. 1936 ஜூலை 30ல மில் ஸ்ட்ரைக்கப்போ பிரெஞ்சு போலீஸ் சுட்டு 12 தொழிலாளிங்க செத்தாங்க, அதுக்கு அப்புறம் தான் எட்டு மணி நேர வேலை சட்டமாச்சு, அந்த போராட்டத்த நடத்துன தொழிற்சங்க தலைவர் வ. சுப்பையா பேரு இன்னிக்கும் ஊர்ல நிக்கிறது அதனால தான். அந்த மில்லுல படிக்காத ஆளும் சேந்து, தொழில் கத்துக்கிட்டு, ரிடையர் ஆகுற வரைக்கும் இருக்கலாம். 2020 ஏப்ரல்ல ஏ.எஃப்.டிய அதிகாரப்பூர்வமா மூடிட்டாங்க. இப்ப அந்த திடல்ல பொதுக்கூட்டம் நடக்குது, கொஞ்ச காலம் பஸ் ஸ்டாண்டே அங்க ஓடுச்சு. வரிச்சலுகை இருந்த காலத்துல மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு, திருபுவனைன்னு கம்பெனிங்க வந்துச்சு, வாட் வரி வந்து அப்புறம் 2017ல ஜி.எஸ்.டியும் வந்ததும் அந்த ஈர்ப்பு போயிருச்சு. எங்க எஸ்டேட்லயே பூட்டு தொங்குற ஷெட்டுங்கள தாண்டி தான் நான் வேலைக்கு போறேன்.

அப்போ ஊரு எதுல வளருது? வீக்கெண்டு டூரிஸ்டு, கஃபே, லாட்ஜு, ஆஸ்பத்திரி, காலேஜு, அபார்ட்மென்டு. பொருள் செய்யற ஊரா இருந்தது, ஜனங்க வந்து செலவு பண்ற ஊரா மாறிடுச்சு. பாண்டி மட்டும் இல்ல, ஆப்பிரிக்கால நிறைய நகரம் இப்படி தொழிற்சாலை இல்லாமயே பெருசாகிருக்குன்னு ஆராய்ச்சியே இருக்கு, எண்ணெய், தாது வித்த காசு உள்ள வரும், அத செலவு பண்ண கடை, வீடு, ஓட்டல் வளரும், நிலையான தொழில் வளராது. செலவு பண்ற ஊர்ல வேலை இல்லாம இல்ல, டேபிள் துடைக்க, ரூம் க்ளீன் பண்ண, பார்சல் கொண்டு போக, கேட்ல நிக்க ஆள் வேணும். அந்த வேலையெல்லாம் கேவலம்னு நான் சொல்லவே மாட்டேன், எங்க தெருல பாதி வீடு அதுல தான் ஓடுது. ஆனா அஞ்சு வருஷம் பாத்தாலும் கத்துக்கிட்டது ஏறாது, சம்பளமும் ஏறாது, சீசன் போனா வர வேணாம்னு சொல்லிடுவாங்க. டிப்ளமோ படிச்ச பையனுக்கு உள்ளூர்ல அந்த கன்சல்டன்சி காட்டுன வேலை ரெண்டு தான், ஒண்ணு பைக் ஷோரூம்ல சேல்ஸ், இன்னொண்ணு லாட்ஜுல நைட் டூட்டி. மெஷின்ல கைய வைக்கணும்னா ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் போ, அதுவும் கான்ட்ராக்ட்ல.

இங்க தான் என்னோட முக்கியமான கொறை. இந்த கன்சல்டன்சி எத்தன பேர சேத்து விட்டோம்னு போர்டு வச்சிருக்காங்க. சேந்தவங்க எத்தன மாசம் அந்த வேலைல இருந்தாங்கன்னு ஒரு கணக்கும் அவங்ககிட்ட இல்ல, கேட்டா 'அது கம்பெனி பாடு மேடம்'ங்கிறாங்க. பதினோரு மாசம் முடிஞ்சு கான்ட்ராக்டர் வெளிய அனுப்பினா அதே பையன் அதே மாடிப்படி ஏறி வர்றான், திரும்ப 500, திரும்ப 3,000. பக்கத்து சேர்ல உக்காந்திருந்த வானூர் பையன் அப்படி திரும்பி வந்தவன் தான், மூணு கம்பெனி பாத்துட்டான், மூணுலயும் ட்ரெய்னி. அவன் பி.எஃப் பாஸ்புக்க ஃபோன்ல காட்டுனான், மூணு தனித்தனி கணக்கு, எதையும் ஒண்ணா மாத்தல, ஒரு எடத்துல நாலு மாசம் பணமே கட்டல. எந்த கம்பெனிக்கு மாறினாலும் மாறாத ஒரே பி.எஃப் நம்பர், அது தான் யூ.ஏ.என், அப்படின்னா என்னன்னே அவனுக்கு ஒருத்தரும் சொல்லி குடுக்கல. காசு வாங்குற ஆபீஸ் இத கூட சொல்லி அனுப்பக் கூடாதா? எனக்கு அவ்ளோ கோவம் வந்துச்சு, அங்கயே உக்காந்து எப்படி மாத்தறதுன்னு காட்டி குடுத்துட்டு தான் எந்திரிச்சேன். ஒரு வேலைவாய்ப்பு ஆபீஸ அளக்கணும்னா சேத்த எண்ணிக்கைய பாக்காதீங்க, சேந்தவன் எவ்ளோ நாள் நின்னான்னு பாருங்க.

அரசாங்கத்தோட வேலையின்மை கணக்குலயும் இதே சிக்கல் தான். வாராந்திர கணக்குல, அந்த வாரத்துல ஒரு மணி நேரம் வேலை பாத்திருந்தா போதும், வேலையில இருக்கறவர்னு தான் எழுதுவாங்க. வருஷக் கணக்குல 2017-18ல நாடு முழுக்க வேலையின்மை 6.1 சதவீதம், 2023-24ல 3.2ன்னு கொறைஞ்சிருக்கு. ஆனா நகரத்துல 15லேந்து 29 வயசு பிள்ளைங்கள மட்டும் தனியா எடுத்தா அதே 2023-24ல 14.7. அதுலயும் பார்சல் கொண்டு போறவன், கல்யாண மண்டபத்துல பரிமாற போறவன் எல்லாம் வேலையில இருக்குற பக்கம் தான் வருவான். ஏழை வீட்டு பிள்ளைக்கு சும்மா இருக்க கூட வசதி வேணும், கெடச்சத செஞ்சுட்டு தான் நல்ல வேலைய தேடணும். கானா நாட்டு அக்ரா நகரத்துல இத நேர்ல பாத்து தான் கீத் ஹார்ட்ங்கிற மானுடவியல் ஆராய்ச்சியாளர் 1970கள்லயே, வேலையில்லாதவங்கன்னு நாம நெனைக்கிற ஜனங்க முறைசாரா தொழில்ல ஓயாம உழைச்சிட்டு இருக்காங்கன்னு எழுதினாரு.

ஒரு விஷயம் அங்க என் மனச கஷ்டப்படுத்துச்சு. காத்திருந்தவங்கள்ல ஒருத்தரு, வடக்கேந்து வந்தவங்க தான் நம்ம வேலைய பறிச்சிட்டாங்கன்னு சத்தமா பேசுனாரு, சுத்தி இருந்தவங்களும் ஆமாம் போட்டாங்க. பீகார்லேந்தும் ஒடிசாலேந்தும் வந்து நம்ம ஊர்ல சாரம் கட்டி நிக்கிற பிள்ளையும் எங்க அக்கா பையன் போட்ட அதே கணக்க போட்டுட்டு தான் ரயில் ஏறுனான், அவனையும் ஒரு கான்ட்ராக்டர் தான் கூட்டிட்டு வந்தான், ஓவர்டைம் காசு வராம அவனும் தான் முழிக்கிறான். கொறைஞ்ச கூலிக்கு மாத்தி மாத்தி ஆள் எடுக்குற முறைய விட்டுட்டு அவன் மேல பாயறது நியாயமே இல்ல.

பொண்ணுங்களுக்கு இந்த ஆபீஸ நான் சொல்லவே மாட்டேன். பி.எஸ்சி படிச்ச பொண்ணுக்கும் டெலிகாலர், ரிசப்ஷன், துணிக்கடை, இந்த மூணு தான். ராத்திரி எட்டரைக்கு கடை விட்டா திருக்கனூருக்கு அந்த பொண்ணு எப்படி போகும்னு கேட்டா பதில் இல்ல.

போகணும்னே முடிவு பண்ணவங்களுக்கு: லெட்டர்ல கையெழுத்து போடற கம்பெனி எது, நீங்க வேலை பாக்கப் போற கம்பெனி எது, ரெண்டு பேரையும் எழுதி வாங்குங்க, கான்ட்ராக்டர் சம்பளம் தரலன்னா வேலை வாங்குன பெரிய கம்பெனி தான் பொறுப்பு. அப்ரண்டிஸா, ட்ரெய்னியா, கான்ட்ராக்ட்டான்னு தெளிவா கேளுங்க, சட்டப்படி அப்ரண்டிஸ்னா பி.எஃப் கெடையாது, ஆனா முடிச்சா சர்டிபிகேட் உண்டு, டிப்ளமோகாரங்களுக்கு அது பின்னாடி உதவும். கைக்கு எவ்ளோ வரும்னு மட்டும் கேளுங்க, சி.டி.சி பேச்சே வேணாம். சேந்த ரெண்டாவது மாசம் பி.எஃப் பாஸ்புக்ல பணம் ஏறிருக்கான்னு மத்திய அரசோட உமங் ஆப்ல பாருங்க. மத்திய அரசோட என்.சி.எஸ் போர்ட்டல், தமிழ்நாடு அரசோட தனியார் வேலை இணையதளம், ரெண்டுலயும் பதிவு இலவசம், கடலூர் பசங்க அத மொதல்ல பண்ணுங்க. வெளிநாட்டு வேலைன்னு சொல்லி இதே ஆபீஸ்ல லட்சக்கணக்குல கேட்டா ஓடி வந்துருங்க, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்ப 1983 சட்டப்படி பதிவு பண்ண ஏஜென்ட் தான் அனுப்பணும், அவங்களும் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டியும் தான் வாங்கலாம், அரசோட இமைக்ரேட் இணையதளத்துல அந்த ஏஜென்ட் பேரு இருக்கான்னு பாத்துக்கலாம்.

எங்க பையன் ஒரகடம் ஆஃபர எடுத்துக்கல. எங்க எஸ்டேட்ல சி.என்.சி மெஷின் போட்டிருக்குற ஒரு சின்ன ஷெட்டுல ஆபரேட்டர் ஹெல்ப்பரா சேந்திருக்கான், கைக்கு 11,000 தான், ஆனா வீட்லேந்து போயிட்டு வர்றான், ப்ரோக்ராம் போட கத்து தரேன்னு முதலாளி சொல்லியிருக்காரு, பி.எஃப் அவன் பேர்ல மொத மாசத்துலேந்தே ஏறுது. அந்த வானூர் பையனோட நாலு மாச பி.எஃப் பாக்கிக்கு ஆன்லைன்ல புகார் போட்டு குடுத்திருக்கேன், நம்பர் வந்திருக்கு, பதில் வந்ததும் எப்படி பண்ணோம்னு இங்கயே கீழ எழுதறேன், இதே பிரச்சனை இருக்கறவங்க பாஸ்புக்கயும் சம்பள ஸ்லிப்பயும் எடுத்து வச்சிக்கங்க.